காவலரை விசாரிப்பவர் யார்?

2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. தேக்கா வட்டாரத்தில் ஞாயிறு மாலை எப்படியிருக்கும் என்று சிங்கப்பூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆறு நாட்கள் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்தவர்கள் ஏழாம் நாளில் ஊருக்குப் பணம் அனுப்பவும், மளிகை வாங்கவும், ஊர்க்காரர் முகத்தைக் காணவும் அங்கே கூடுவர். அன்றிரவு 9.20 மணியளவில், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்குமிடத்தில், தொழிலாளரைத் தங்குமிடங்களுக்குத் திரும்ப ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கித் தமிழகத் தொழிலாளி ஒருவர் மாண்டார். அதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் ஏறத்தாழ 400 பேர் ஈடுபட்டனர். கடமையாற்ற வந்த அதிகாரிகளில் 54 பேர் காயமுற்றனர். போலீஸ் வண்டிகளும் ஆம்புலன்ஸ் உள்ளிட்ட மீட்பு வண்டிகளுமாக 23 சேதமடைந்தன, சில தீக்கிரையாயின. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெருக் கலவரம் என்பதையே பாடப் புத்தகத்தில் மட்டும் படித்து வந்த நகரம் அன்றிரவு உறக்கமிழந்தது.

கலவரத்தின் காரணங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. மதுவைக் குறை கூறியோர் உண்டு. தொழிலாளரின் வாழ்க்கை நிலையைச் சுட்டியோர் உண்டு. அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. கலவரக்காரர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட அதே காலத்தில், போலீஸாரும் ஒரு வகையில் சாட்சிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர் என்பதே அது.

அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழுவுக்கு முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமை தாங்கினார். 2014 பிப்ரவரியில் தொடங்கிய விசாரணை பொதுமக்களும் செய்தியாளரும் காணப் பகிரங்கமாகவே நடந்தது. தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் வந்தனர். காயமுற்ற கான்ஸ்டபிள் முதல் போலீஸ் ஆணையர் வரை வந்து பதில் சொன்னார்கள். ஆம்புலன்ஸிலிருந்து அதிகாரிகள் இறங்கி ஓடிய காட்சி திரையிடப்பட்டது. கூட்டத்தை எதிர்கொள்ளாமல் ஏன் காத்து நின்றீர்கள், சிறப்பு நடவடிக்கைப் படை வந்து சேர ஏன் இவ்வளவு நேரமாயிற்று, வானொலித் தொடர்பு ஏன் தடுமாறியது என்ற கேள்விகள் மழுப்ப இடமின்றிக் கேட்கப்பட்டன.

அவ்வாண்டு ஜூன் இறுதியில் வெளிவந்த அறிக்கை ஒரு பக்கம் சாய்ந்ததன்று. விபத்தில் சிக்கிய பேருந்தின் ஓட்டுநரையும் பேருந்துப் பணியாளரையும் கூட்டத்தினிடமிருந்து காப்பாற்றிய துணிவை அது பாராட்டியது. கூடுதல் ஆட்கள் வந்து சேர்ந்த பின்னரும் இன்னும் உறுதியாகச் செயல்பட்டிருக்கலாம் என்றும் சொல்லிற்று. சிறப்புப் படையை வரவழைக்க வேண்டியிருந்த அனுமதிப் படிகளைக் குறைக்கவும், தொடர்பு முறையைச் சீர்ப்படுத்தவும், முன்வரிசை அதிகாரிகளுக்குப் பெருங்கூட்டத்தைச் சமாளிக்கும் பயிற்சி தரவும் பரிந்துரைத்தது.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குழுவில் நால்வர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் முன்னாள் போலீஸ் ஆணையர் டீ துவா பா. போலீஸ் வேலையின் நுணுக்கம் அறிந்தவர் ஒருவர் வேண்டும் என்பது நியாயமான எண்ணமே. ஆயினும் தலைமை நாற்காலியில் நீதிபதி அமர்ந்தார். விசாரணை திறந்த மன்றத்தில் நடந்தது. போலீஸ் துறை தன்னைத் தானே ஆராய்ந்து எழுதிய அறிக்கையாக அது இருந்திருந்தால், அதே முடிவுகளைச் சொல்லியிருந்தாலும் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? உண்மையைக் கண்டுபிடிப்பது ஒன்று. கண்டுபிடித்தது உண்மையே என்று பிறர் ஏற்கும்படி செய்வது மற்றொன்று. விடைத்தாளை எழுதிய மாணவனே திருத்தினால், அவன் நூற்றுக்கு நூறு சரியாக எழுதியிருந்தாலும் அந்த மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை.

துறையின் குறையும் ஆளின் குற்றமும்

காவல் துறையைப் பொறுப்புக்கு உட்படுத்துவது என்னும்போது இரண்டு வேறு காரியங்களைப் பலர் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கின்றனர். ஆள் போதவில்லை, உத்தரவு தாமதித்தது, பயிற்சி பழுது என்பவை துறையின் குறைகள். ஓர் அதிகாரி கை நீட்டி லஞ்சம் வாங்கினார், கைதியை அடித்தார், பொய் வாக்குமூலம் எழுதினார் என்பவை ஆளின் குற்றங்கள். முன்னதற்கு விசாரணைக் கமிஷன் போதும். அது ஆண்டுக்கொரு முறை வருவதன்று. பெருந்தீ பற்றினால் மட்டுமே அமைக்கப்படுவது. பின்னதற்கோ என்றும் திறந்திருக்கும் ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதே கேள்வி.

முன்னதில் சிங்கப்பூருக்குப் பழைய அனுபவம் உண்டு. 1950 டிசம்பர் 11-இல், மலாய்க் குடும்பத்தில் வளர்ந்த டச்சுச் சிறுமி மரியா ஹெர்டோக்கின் வழக்கையொட்டி உச்ச நீதிமன்றத்தின் முன் கூடிய கூட்டம் கலவரமாக மாறிற்று. மூன்று நாட்களில் 18 பேர் இறந்தனர். 173 பேர் காயமுற்றனர். சர் லயனல் லீச் தலைமையில் அமைந்த கமிஷன் 1951-இல் அளித்த அறிக்கை, நீதிமன்றத்தின் முன் நின்ற கூர்க்கா படையினரைத் திரும்பப் பெற்றுக்கொண்ட முடிவையும் மூத்த அதிகாரிகளின் தடுமாற்றத்தையும் கடுமையாகச் சாடியது. அந்த அனுபவத்தின் விளைவாக 1952-இல் கலவரத் தடுப்புக்கென்றே ஒரு போலீஸ் தனிப்படை உருவாயிற்று. 2013-இல் தேக்காவுக்குத் தாமதமாக வந்து சேர்ந்ததே சிறப்பு நடவடிக்கைப் படை, அது அந்தத் தனிப்படையின் வாரிசுதான். ஒரு கமிஷன் பெற்ற பிள்ளையை அறுபது ஆண்டுகள் கழித்து இன்னொரு கமிஷன் கண்டிக்க நேர்ந்தது.

பொங்கோல் கடற்கரையில் போன அபின்

ஆளின் குற்றத்தை விசாரிப்பதில் இந்நகரம் கற்ற பாடம் 1951 அக்டோபரில் தொடங்குகிறது. ஹெர்டோக் கலவரத்தின் புகை அடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. பொங்கோல் கடற்கரையில் 1,800 இராத்தல் அபின், அதாவது 800 கிலோவுக்கும் மேல், கொள்ளையடிக்கப்பட்டது. அந்நாள் மதிப்பில் அது 4 லட்சம் வெள்ளி. கள்ளச் சரக்கைக் கள்வர் கவர்வது உலகத்துக்குப் புதிதன்று. கவர்ந்தவர்களில் மூவர் போலீஸ் துப்பறிவாளர்கள் என்பதே ஊரை உலுக்கிற்று.

அப்போது லஞ்சத்தை விசாரிக்க ஓர் அமைப்பு இல்லாமலில்லை. லஞ்ச ஒழிப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. 1937-இலேயே லஞ்சத் தடுப்புக்கெனத் தனிச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பிரிவு போலீஸ் துறையின் குற்றப் புலனாய்வு இலாகாவுக்குள்ளேயே ஒரு சிறு மூலையில் இருந்தது. லஞ்சம் மிகுதியாகப் புழங்கிய இடங்களில் ஒன்று போலீஸ் துறை. லஞ்சத்தை விசாரிக்க வேண்டியதும் அதே துறை. தெருவோரக் கடைக்காரரிடமும் சூதாட்டக்காரரிடமும் மாதந்தோறும் ‘காப்புப் பணம்’ வாங்கும் அதிகாரியைப் பக்கத்து அறையில் அமர்ந்திருக்கும் அதிகாரி விசாரிக்க வேண்டும். நாளை இவருக்கு மேலதிகாரியாக அவர் வரலாம். அல்லது இருவரும் ஒரே விருந்தில் அமரலாம்.

வேலியே பயிரை மேய்ந்தால் என்னும் பழமொழி அங்கேயே நின்றுவிடுகிறது. வேலியைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று அது சொல்வதில்லை. அபின் கொள்ளையை விசாரிக்கக் காலனி அரசாங்கம் தனிக் குழுவை நியமித்தது. அந்தக் குழு தோண்டத் தோண்டப் போலீஸாருக்கும் கள்ளக் கடத்தலுக்கும் இருந்த உறவு மூன்று பேரோடு முடியவில்லை என்று தெரிந்தது. ஆகவே 1952-இல், போலீஸ் துறைக்கு வெளியே லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு என்னும் தனி அமைப்பு பிறந்தது. பிற்காலத்தில் சிங்கப்பூரின் நேர்மைக்கு அடையாளமாக உலகெங்கும் பேசப்பட்ட அந்த அமைப்பின் பிறப்புக்குக் காரணம் போலீஸார் செய்த ஒரு கொள்ளை என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார்.

பெயர்ப் பலகை மாறினால் மட்டும் காரியம் ஆகிவிடாது என்பதற்கும் இதுவே சான்று. புதிய பிரிவில் வேலை செய்தோர் பலர் போலீஸ் துறையிலிருந்து சில காலத்துக்கென இரவல் வாங்கப்பட்டவர்கள். தவணை முடிந்ததும் திரும்பிப் போய்ச் சேர வேண்டிய வீட்டையே அவர்கள் சோதனையிட வேண்டியிருந்தது. சட்டமும் பல்லில்லாததாக இருந்தது. 1959-இல் சுயாட்சி வந்த பிறகு, 1960-இல் இயற்றப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம்தான் அதற்குப் பல் முளைக்கச் செய்தது. வங்கிக் கணக்கைப் பார்க்கும் அதிகாரம் வந்தது. வருவாய்க்குப் பொருந்தாத சொத்துக்கு விளக்கம் தர இயலாவிடில், அதை நீதிமன்றம் வழக்குக்கு வலுச் சேர்க்கும் சான்றாகக் கொள்ளலாம் என்றாயிற்று. 1969-இல் அந்தப் பிரிவு பிரதமர் அலுவலகத்தின் கீழ் வந்தது. அப்படியானால் பிரதமரையே விசாரிக்க நேர்ந்தால்? அதற்கும் 1991-இல் அரசியல் சட்டத்தில் விடை எழுதினர்: பிரதமர் இசைவு மறுத்தாலும் அதிபர் உடன்பட்டால் இயக்குநர் விசாரணையைத் தொடரலாம்.

வெளியாரும் மனிதர்களே. 2013-இல் அந்தப் பிரிவின் உதவி இயக்குநர் ஒருவரே 17 லட்சம் வெள்ளிக்கு மேல் கையாடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, மறு ஆண்டு பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். இதைக் காட்டி, வெளியமைப்பும் பயனற்றது என்று வாதிடுவோர் உண்டு. அது சரியன்று. அவரும் பிடிபட்டார், பகிரங்கமாகத் தண்டிக்கப்பட்டார் என்பதையே கவனிக்க வேண்டும்.

ஹாங்காங் இதே பாடத்தை இருபதாண்டு பின்தங்கிக் கற்றது. அங்கே பீட்டர் காட்பர் என்ற போலீஸ் தலைமைக் கண்காணிப்பாளரிடம் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் கணக்கில் வராத சொத்து இருப்பது தெரிந்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, 1973 ஜூனில், அவர் விமானமேறி இங்கிலாந்து போய்விட்டார். மாணவர்கள் தெருவில் இறங்கினர். 1974 பிப்ரவரியில் போலீஸ் துறைக்கு வெளியே சுயேச்சை ஊழல் ஒழிப்பு ஆணையம் அமைந்தது. அது தன் வேலையை உண்மையாகச் செய்யத் தொடங்கியதும், 1977 அக்டோபரில், போலீஸார் கூட்டமாகச் சென்று ஆணையத்தின் அலுவலகத்துக்குள் புகுந்து தாக்கினர். ஆளுநர் பழைய குற்றங்கள் பலவற்றுக்கு மன்னிப்பு அறிவிக்க நேர்ந்தது. சீர்திருத்தம் என்பது காகிதத்தில் கையெழுத்திட்டவுடன் நடந்துவிடுவதன்று என்பதை அந்த நாட்கள் காட்டின.

மூடிய அறையின் விஷயம்

லஞ்சத்துக்கு வெளியார் விசாரணை என்பது இவ்வாறு நிலைபெற்றது. அடி உதைக்கும் மிரட்டலுக்கும் என்ன வழி? இங்கேதான் பாடத்தின் மறுபாதி இருக்கிறது. சிங்கப்பூரில் போலீஸ் அதிகாரி ஒருவரின் நடத்தையைப் பற்றிப் புகார் வந்தால் அதை விசாரிப்பது உள்விவகார அலுவலகம். அது காவல் நிலையங்களின் கட்டளைக்கு உட்படாதது. ஆனாலும் போலீஸ் துறையின் உறுப்பே. குற்றம் இருப்பதாகத் தெரிந்தால் வழக்குத் தொடுப்பதா என்று முடிவு செய்பவர் தலைமைச் சட்ட அதிகாரி. காவலில் எவரேனும் இறந்தால் மரண விசாரணை நடத்தியே தீர வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயமாக்குகிறது. இவை நல்ல காவல்கள். எனினும் அடிபட்டேன் என்று வருபவரின் வாக்குமூலத்தை முதலில் எழுதிக்கொள்பவர் போலீஸ் துறைக்குள் இருப்பவரே. ஹாங்காங்கிலும் இதே பிளவு உண்டு. லஞ்சப் புகார் வெளி ஆணையத்துக்குப் போகும். நடத்தைப் புகாரைப் போலீஸ் துறையின் சொந்த அலுவலகமே விசாரிக்கும், வெளிக் குழு அதை மேற்பார்வையிட மட்டும் செய்யும்.

இந்தப் பிளவுக்கு ஒரு காரணம் சொல்லலாம். லஞ்சம் தடயம் விட்டுச் செல்லும்: வங்கிக் கணக்கு, வீடு, வண்டி. கொடுத்தவர் ஒருவரும் இருப்பார். விசாரணை அறையில் நடந்ததற்கோ இருவர் சொல்லைத் தவிர வேறில்லை. ஒருவர் சீருடையில் இருக்கிறார், மற்றவர் கைதியாக இருக்கிறார். ஆகவே லஞ்சத்தைவிட இதற்குத்தான் வெளியார் காது மிகுதியும் வேண்டும் என்று வாதிடுவதே பொருந்தும்.

தமிழருக்கு இதில் 170 ஆண்டுப் பாடம் ஒன்று உண்டு. 1854-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடிகள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கம்பெனி அரசாங்கம் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட விசாரணைக் கமிஷனை நியமித்தது. அதுவரை ஜில்லா அதிகாரிகளைக் கேட்டால், அப்படியொன்றும் பெரிதாக இல்லை என்பதே பதில். கமிஷன் கதவைத் திறந்ததும் 519 பேர் நேரில் வந்தனர். 1,440 பேர் எழுதி அனுப்பினர். விரல்களை மரச்சட்டத்தில் இறுக்கும் கிட்டி முதலிய கொடுமைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அத்தனை பேரும் கமிஷன் வந்த வாரத்தில் அடிபட்டவர்கள் அல்லர். சொல்வதற்கு ஓர் இடமும் கேட்பதற்கு ஓர் ஆளும் கிடைத்த பிறகே அவர்களுக்கு வாய் திறந்தது. புகார் இல்லை என்பதால் குற்றம் இல்லை என்று முடிவு கட்டும் அதிகாரிகள் எந்நாட்டில் இருந்தாலும் இந்த இரண்டு எண்களையும் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அந்த அறிக்கையின் பயனாக வரி வசூலும் காவல் வேலையும் பிரிக்கப்பட்டன. 1859-இல் சென்னைப் போலீஸ் சட்டமும், 1861-இல் இந்தியா முழுமைக்குமான போலீஸ் சட்டமும் வந்தன. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது என்ற விதி 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. அடித்து வாங்கிய ஒப்புதலுக்கு நீதிமன்றத்தில் விலை இல்லையென்றால் அடிப்பதில் ஆதாயம் இல்லை என்பதே அதன் தர்க்கம். ஆதாயம் இல்லாத இடத்திலும் அடி நிற்கவில்லை என்பது வேறு செய்தி. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலுக்குப் பின் இறந்தபோது, சாட்சியங்கள் அழியாதிருக்க அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறை அதிகாரிகளின் பொறுப்பில் விடும்படி மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஆணையிட்டது. 1859-இல் வருவாய்த் துறையின் கையிலிருந்து குடிகளைக் காக்கப் போலீஸ் துறை பிறந்தது. 2020-இல் போலீஸ் நிலையத்தைக் காக்க வருவாய்த் துறையைக் கூப்பிட நேர்ந்தது. எந்தத் துறையும் பிறவியிலேயே நல்லதன்று, கெட்டதன்று. அந்நேரத்தில் அது வெளியாளா, உள்ளாளா என்பதுதான் வேறுபாடு.

சிங்கப்பூரின் சட்டம் வேறு வழி சென்றது. சார்ஜன்ட் பதவிக்குக் குறையாத அதிகாரியிடம் தாமே மனமொப்பிக் கொடுத்த வாக்குமூலம் இங்கே சான்றாக ஏற்கப்படும். மிரட்டியோ ஆசை காட்டியோ பெறவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. இந்த ஏற்பாட்டில் விசாரணை அறைக்குள் நடப்பது என்ன என்பது மேலும் முக்கியமாகிவிடுகிறது. 2018-இல் நிறைவேறிய குற்றவியல் நீதிச் சீர்திருத்தச் சட்டம், வாக்குமூலங்களை ஒலி-ஒளிப் பதிவாக எடுக்க வழி செய்தது. பாலியல் வன்கொடுமை வழக்குகளிலிருந்து அது தொடங்கியது. கைதியைக் காப்பதைப் போலவே, பொய்ப் புகாரிலிருந்து நேர்மையான அதிகாரியையும் காப்பது அது. காவலர் பலர் அதை வரவேற்கத்தக்கது என்று எண்ணுவதில் வியப்பில்லை.

பள்ளிகளோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2016 ஜனவரியில் பதினான்கு வயது மாணவன் ஒருவனைச் சீருடையணியாத போலீஸார் பள்ளியிலிருந்து அழைத்துச் சென்று, பெற்றோர் உடனில்லாமல் விசாரித்து, வீட்டுக்கு அனுப்பினர். அன்றே அவன் உயிர் நீத்தான். எவரும் அவனை அடித்தார், மிரட்டினார் என்று மரண விசாரணையில் முடிவாகவில்லை. ஆனால் நாடு முழுவதும் பெற்றோர் கேட்ட கேள்வி ஒன்றே: அந்த அறையில் அவன் பக்கத்தில் யார் இருந்தார்? விதியைப் பின்பற்றினோம் என்ற பதில் அக்கேள்விக்கு விடையாகாது. விதியே போதுமானதா என்பதல்லவா கேள்வி. 2017 ஏப்ரல் முதல், பதினாறு வயதுக்குட்பட்டவரை விசாரிக்கும்போது பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் உடன் அமரும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அவர் வழக்கறிஞர் அல்லர், பெற்றோரும் அல்லர். விடை சொல்லிக் கொடுக்க மாட்டார். பிள்ளை மிரண்டு போயிருக்கிறதா, கேள்வி புரிகிறதா என்று பார்த்துக்கொள்பவர். வெளியார் ஒருவர் அறையில் இருப்பது என்னும் எளிய எண்ணமே அது.

ஜோகூர் பாலத்துக்கு அப்பால்

பாலத்தைக் கடந்தால் மறுபக்கத்து அனுபவம் இன்னும் கசப்பானது. மலேசியாவில் 2009 ஜனவரியில் கார் திருட்டு விசாரணைக்காகப் பிடிக்கப்பட்ட 22 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் காவலில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்றது. குடும்பத்தார் விடாமல் இன்னொரு மருத்துவமனையில் செய்வித்த இரண்டாம் பரிசோதனை, அடிகளால் தசைகள் நைந்து சிறுநீரகம் செயலிழந்து போனது என்றது. ஒரே உடல், இரண்டு அறிக்கைகள். 2013 ஜூனில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. டி. சிங்கம், போலீஸையும் அரசாங்கத்தையும் பொறுப்பாளிகளாக்கி 8,01,700 ரிங்கிட் இழப்பீடு விதித்தார். குடும்பத்துக்கு இரண்டாம் பரிசோதனை கேட்கத் துணிவு இல்லாமல் போயிருந்தால், ஏட்டில் நுரையீரலில் நீர் என்றே இன்றும் இருந்திருக்கும்.

இந்த மரணத்துக்கு முன்பே, 2005-இல், முன்னாள் தலைமை நீதிபதி முகமது ஜைடின் அப்துல்லா தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகளை அளித்திருந்தது. அவற்றுள் தலையாயது, போலீஸார்மீதான புகாரை விசாரித்துத் தண்டிக்கவும் அதிகாரமுடைய சுயேச்சை ஆணையம் வேண்டும் என்பது. போலீஸ் துறைக்குள் பலத்த எதிர்ப்பு எழுந்தது. 2011-இல் பல அமலாக்கத் துறைகளுக்கும் பொதுவான வேறொரு ஆணையம் வந்தது. கடைசியில் 2023 ஜூலையில்தான் போலீஸுக்கென்றே சுயேச்சை நடத்தை ஆணையம் செயல்படத் தொடங்கிற்று. பதினெட்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்த அதற்கும், முதலில் கேட்ட தண்டிக்கும் அதிகாரம் கிடைக்கவில்லை. விசாரித்துப் பரிந்துரைக்கலாம், அவ்வளவே.

மீண்டும் தேக்காவுக்குத் திரும்பலாம். 2013 கலவரத்துக்குப் பின் 25 பேர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 57 பேர் வழக்கின்றியே நாடு கடத்தப்பட்டனர். அது நிர்வாக அதிகாரம், நீதிமன்றத்தின் வேலையன்று என்று அரசாங்கம் விளக்கிற்று. சட்டப்படி அந்த விளக்கம் சரியே. ஆனால் இந்தக் கட்டுரையின் பொருளோடு அதற்கு ஓர் இணைப்பு உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் தங்கும் உரிமையும் போகும். ஓர் அதிகாரி தன்னிடம் முறைதவறி நடந்தார் என்று நாளை ஒரு தொழிலாளி எண்ணினால், அதைச் சொல்லவும், சொன்னபின் விசாரணை முடியும்வரை காத்திருக்கவும், சாட்சி சொல்லவும் அவர் இந்த ஊரில் இருந்தாக வேண்டும். ஊரில் முகம் தெரியாத, மொழி முழுதும் வராத, கடன் வாங்கி விமானமேறி வந்த ஒருவர் சீருடைக்கு எதிராக முறையிடுவதைவிட வாய் மூடியிருப்பதே லாபம் என்று கணக்குப் பார்ப்பார். சென்னை மாகாணத்துக் குடியானவரும் 1854-க்கு முன் அதே கணக்கைத்தான் பார்த்தார்.

கலவரத்துக்குப் பின் வட்டாரத்தில் விளக்குகளும் கண்காணிப்புக் கேமராக்களும் பெருகின. 2014 ஏப்ரல் முதல் ஓராண்டுக்குத் தற்காலிகச் சட்டம் ஒன்று போலீஸாருக்கு அங்கே கூடுதல் சோதனை அதிகாரங்களைத் தந்தது. நாடாளுமன்றத்தில் அதன் சோதனைப் பிரிவுகள் பற்றி வாதம் நடந்தது. 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் தீவு முழுமைக்கும் வந்தது. அதே 2015-இன் தொடக்கத்தில் இன்னொரு கருவியும் வந்தது. ரோந்து அதிகாரியின் மார்பில் பொருத்தப்படும் சிறு கேமரா அது. புக்கிட் மேரா வெஸ்ட் அக்கம்பக்கப் போலீஸ் நிலையத்தில் முதலில் அறிமுகமாகிப் பின் மற்ற நிலையங்களுக்கும் பரவியது. தெருவில் நடக்கும் வாக்குவாதத்துக்கு மூன்றாவது சாட்சி ஒன்று கிடைத்தது என்பதில் ஐயமில்லை. பதிவு போலீஸ் துறையின் பாதுகாப்பிலேயே இருக்கும். விசாரணைக்குத் தேவைப்படாத பதிவுகள் 31 நாட்களில் அழிக்கப்படும் என்று அறிமுகத்தின்போது அறிவிக்கப்பட்டது. ஞாயிறு தவிர விடுமுறை இல்லாத ஒரு தொழிலாளிக்கு 31 நாட்கள் என்பது நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். சில மாதங்களில் ஐந்து.